கேள்விக்குப் பதிலா, கேட்பவருக்குப் பதிலா?

"ஹஜ்ரத், ஒரு சந்தேகம்!"

பள்ளிவாசலில் இமாமாக நிற்கும் எவரும் இந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு நாளைக் கழித்துவிட முடியாது. சந்தேகம் கேட்பது நல்ல காரியமே. அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று திருமறை பணிக்கிறது. கேட்கப்பட்டவர் தாம் அறிந்ததை மறைத்தால் மறுமையில் அவருக்கு நெருப்பாலான கடிவாளம் பூட்டப்படும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் வந்துள்ளது. மதரஸாவில் எங்கள் உஸ்தாது இந்த ஹதீஸை நடத்திய அன்று, வகுப்பில் ஒரு சிறு சப்தமும் இல்லை. அன்று மனத்தில் விழுந்த அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை. தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல் என்பதே எனது வழக்கமாக இருந்து வந்தது.

ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனநல மருத்துவர் என்னிடம், "இந்தத் தம்பி இனி உங்களிடம் கேட்கும் மஸ்அலாவுக்குப் பதில் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த மஸ்அலா! அவ்வாறு வாய் மூடியிருப்பது மார்க்கத்தில் ஆகுமா? இக்கேள்வி என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. நம் வீடுகளில் பலவற்றுக்கும் இது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதம் பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஒருவர் நம்மிடம் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாரானால் அப்பேச்சு அமானிதம் ஆகிவிடுகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இரகசியம் என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

சேரன்மகாதேவியில் ஆறும் உண்டு, கன்னடியன் காலும் உண்டு. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர். அந்த வாலிபருக்கு அதுவே சோதனையாயிற்று. முதலில் பள்ளியின் ஹவுளில் ஒளு எடுக்க மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பேணுதலான பிள்ளை என்று பெரியவர்கள் மெச்சினார்கள். நானும் ஒரு ஜும்ஆ பயானில், பெயர் சொல்லாமல், இத்தகைய பேணுதலைப் புகழ்ந்து பேசினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிறகு ஹவுளுத் தண்ணீர் போதவில்லை. சுபுஹுக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து படித்துறைக்குப் போனார். முழங்கை நனைந்ததா? குதிகால் நனைந்ததா? கழுவிக் கரையேறி, மீண்டும் இறங்கி, மீண்டும் கழுவி, பள்ளிக்கு வந்து சேரும்போது ஜமாஅத் முடிந்திருக்கும். மார்கழிப் பனியில் விரலிடுக்குகள் வெடித்து இரத்தம் கசிந்ததை நானே பார்த்தேன்.

ஓடும் ஆற்றின் கரையில் இருந்து ஒளு எடுத்தாலும் வீண்விரயம் உண்டு என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் வருகிறதல்லவா? அதை எடுத்துச் சொன்னேன். அவர் அழுதார். மறுநாள் வந்து, "ஹஜ்ரத், நான் வீண்விரயம் செய்த பாவத்துக்கு என்ன பரிகாரம்?" என்று கேட்டார். மருந்தென்று நினைத்து நான் கொடுத்தது நோய்க்குத் தீனியாகிவிட்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது அவருடைய துன்பம் மட்டுமே. கலியாணமாகி ஏழெட்டு மாதத்தில் சந்தேகம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. ஒரு நாள் இஷாவுக்குப் பின் தூண் ஓரமாக ஒதுங்கி நின்று, "ஹஜ்ரத், சோறு ஆறிப்போச்சுன்னு 'போதும்'னு சொல்லிட்டேன். அந்தப் 'போதும்' தலாக் ஆயிருக்குமோ?" என்றார். ஆகாது என்றேன். இரண்டு நாள் கழித்து, "மனசுல அந்த வார்த்தை ஓடிச்சு, நாக்கு அசைஞ்சிதான்னு தெரியலை" என்றார். ஆகாது என்றேன். மோதினாருக்கே பாடமாகிவிடும் அளவுக்கு இது நடந்தது. என்னுடைய பதில் அவருக்குத் தந்த நிம்மதி முதலில் ஒரு வாரம் நின்றது. பிறகு ஒரு நாள். பிறகு பள்ளிவாசல் படி இறங்கும் வரைதான். என்னிடம் கேட்டுச் சலித்து, வேறோர் ஊரில் ஒரு பெரியவரிடம் பாதி விவரம் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர் "எதற்கும் பேணுதலுக்காக நிகாஹைப் புதுப்பித்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கேள்வியைப் பார்த்தார், கேட்டவரைப் பார்க்க அவருக்கு வழியில்லை. இரண்டு சாட்சிகளை வைத்து நிகாஹ் புதுப்பிக்கப்பட்டது. நாற்பது நாளில் இன்னொரு தடவையும் ஆயிற்று. அந்தப் பெண்ணின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள், தாய்மார்களே! ஒவ்வொரு நாள் காலையிலும், தான் இந்த வீட்டில் மனைவியா, அந்நியப் பெண்ணா என்று தெரியாமலேயே அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

தலாக் விஷயத்தில் சட்டம் தெளிவானது. வஸ்வாஸ் பிடித்தவனுடைய தலாக் செல்லாது என்று ஸஹாபியான உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் கூற்றை இமாம் புகாரீ (ரஹ்) தமது நூலில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளத்தில் எழும் எண்ணத்தை, அது வாயால் பேசப்படாத வரை, செயலாக்கப்படாத வரை அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்பதும் ஸஹீஹான ஹதீஸே. எனவே சட்டம் தெரியாமல் நாங்கள் திண்டாடவில்லை. அவருக்கும் இந்தச் சட்டம் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். ஆதாரங்களைப் பக்க எண்ணோடு சொல்லுவார்!

வீட்டில் யோசனைகள் பல. உம்மாவுக்கு இது ஜின்னின் வேலை. ஏர்வாடிக்குக் கொண்டுபோக வேண்டும். வாப்பாவுக்கு இது திமிர். இரண்டு சாத்து சாத்தினால் சரியாகிவிடும். ஏர்வாடி என்றதும் எனக்கு 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு தனியார் மனநோயாளர் விடுதியில் தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் மவுத்தாகினர். துஆவை நான் மறுப்பவனல்ல. துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் 'தவா–துவா' என்ற பெயரில், ஜியாரத்துக்கு வரும் நோயாளிகளை அங்கேயே மருத்துவர்களும் பார்க்கும் ஏற்பாடு நடந்து, அது மற்ற இடங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. இதை உம்மாவிடம் சொன்னேன். "அப்ப டாக்டருட்டயும் காட்டுவோம்" என்று அவர் சம்மதித்தது பெரிய காரியம்.

மனநோய்க்கு மருத்துவரை நாடுவது ஈமான் குறைவு என்று எண்ணுவோர் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்) என்ற பேரறிஞரை அறிந்திருக்க வேண்டும். ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்தவர். உடலின் நலன், உள்ளத்தின் நலன் என இரு பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் உள்ளத்தின் நோய்களாகத் தனித்தனியே ஆராய்ந்தார். சிலவற்றுக்கு மனிதன் தனக்குள்ளேயே மருந்து தேடலாம், சிலவற்றுக்கு வெளியிலிருந்து இன்னொருவருடைய சொல் வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், சூடான் நாட்டின் மாலிக் பத்ரீ அவர்கள் அந்நூலின் உள்ளப் பகுதியை 2013-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். இதே மாலிக் பத்ரீதான் 1979-ல், மேற்கத்திய மனவியலை அப்படியே விழுங்கும் முஸ்லிம் மனவியலாளர்களை, ஹதீஸில் வரும் உடும்புப் பொந்தை நினைவூட்டிக் கண்டித்தவர். கண்ணை மூடி ஏற்கவும் வேண்டாம், கண்ணை மூடி விரட்டவும் வேண்டாம் என்பதற்கு இவரே சாட்சி.

பாளையங்கோட்டையில் அந்த மருத்துவரிடம் நாங்கள் ஐந்து பேர் போனோம். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். முதலில் அவர் வாலிபரிடம் கேட்டது நோயைப் பற்றியல்ல, "உங்கள் மார்க்கத்தில் கை கால் கழுவக் குறைந்தபட்சம் எவ்வளவு போதும்?" என்பதே. வாலிபர் என்னைப் பார்த்தார். ஒவ்வோர் உறுப்பையும் ஒரு தடவை கழுவுவது பர்ளு, மூன்று தடவை சுன்னத்து, அதற்கு மேல் கழுவுவது அத்துமீறல் என்றேன். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். மத்ஹபுகளின் கணக்குப்படி அது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரும். மருத்துவர் குறித்துக்கொண்டார். "உங்கள் மார்க்கம் கேட்காததை நானும் கேட்கமாட்டேன், மார்க்கம் கேட்பதைக் குறைக்கவும் மாட்டேன்" என்றார். அந்த ஒரு சொல்லில் எனது பாதிக் கலக்கம் தீர்ந்தது.

பிறகு வீட்டில் நடப்பதை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். உம்மா விடியுமுன் தண்ணீர் நிரப்பி வைக்கிறார். தங்கை பக்கத்தில் நின்று, "காக்கா, மூணு தடவ ஆச்சு" என்று எண்ணிச் சொல்லுகிறாள். மனைவி ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை, "மச்சான், நீங்க ஒண்ணும் சொல்லலை, நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்று சாட்சி சொல்லுகிறார். வாப்பா திட்டுகிறார். நான் பத்வா சொல்லுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருத்துவர், "இவருக்கு வந்திருக்கும் நோய்க்கு நீங்கள் ஐந்து பேரும் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறீர்கள்" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

குடும்பத்தையே சேர்த்து வைத்து வைத்தியம் பார்ப்பது நம் நாட்டில் புதிதல்ல. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் 1950-களிலேயே வளாகத்துக்குள் கூடாரம் அடித்து நோயாளியின் உறவினரையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல், நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிக் கற்றுக்கொள்ளும் முறையை நடத்தி வருகிறது. நோயாளியை மட்டும் அழைத்துச் சீர்செய்து அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், வீடு அவரைப் பழைய வழியில் இழுத்துவிடும் என்பதே இதிலுள்ள தத்துவம்.

சிகிச்சை இதுதான். ஒரு செம்புத் தண்ணீர், ஒரே ஒளு. சந்தேகம் வந்தால் வரட்டும். அந்தச் சந்தேகத்தோடேயே தொழ வேண்டும். திரும்பக் கழுவக்கூடாது. யாரிடமும் கேட்கக்கூடாது. கேட்டாலும் யாரும் உறுதி சொல்லக்கூடாது. உள்ளே எழும் பதற்றம் தானாக ஏறித் தானாக இறங்கும். அது இறங்கும் என்பதை அவர் அனுபவித்தே அறிய வேண்டும். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-ல் இம்முறையால் இருவர் குணம் கண்டதை எழுதினார். அதன் பின்னர் உலகெங்கும் பரவியது. கூடவே மாத்திரையும் உண்டு, அதற்கான அளவும் காலமும் மருத்துவர் பொறுப்பு.

நம் பெரியார்கள் சொன்னது வேறா? தொழுகையில் காற்றுப் பிரிந்ததோ என்று சந்தேகிப்பவர், சப்தத்தைக் கேட்கும் வரை அல்லது வாடையை உணரும் வரை தொழுகையை விட வேண்டாம் என்பது ஸஹீஹான ஹதீஸ். உறுதி சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. வஸ்வாஸுக்கு மருந்து யாது என்று வினவப்பட்டபோது, அதை அடியோடு பொருட்படுத்தாமல் திரும்பிவிடுவதே பலனுள்ள மருந்து என்றார்கள் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்). இன்னொரு சம்பவமும் நூல்களில் உண்டு. பல தடவை தண்ணீரில் மூழ்கியும் சுத்தமாகவில்லையோ என்று சந்தேகித்த ஒருவருக்கு இப்னு அகீல் (ரஹ்) அவர்கள், பைத்தியக்காரனுக்குத் தொழுகை கடமையில்லை, எனவே உமக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மதரஸாவில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்பொழுது எனக்கு அதில் ஒரு வருத்தம் இருக்கிறது. அந்த மனிதர் வீட்டுக்குப் போய் என்ன ஆனார் என்று நூலில் இல்லையே! உள்ளத்தில் வாயால் சொல்லக் கூசும் எண்ணங்கள் எழுவதாக ஸஹாபாக்கள் முறையிட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை ஏசவில்லை, பைத்தியம் என்று சொல்லவுமில்லை. அவ்வெண்ணத்தை வெறுத்து அஞ்சுவதே தெளிவான ஈமான் என்று ஆறுதல் அருளினார்கள். வைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, என் கடிவாள ஹதீஸுக்கு வருகிறேன்.

நான் மருத்துவரிடம் ஒரு யோசனை சொன்னேன். எல்லாச் சந்தேகத்துக்கும் சேர்த்து ஒரே பத்வாவாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், மறைத்த குற்றமும் எனக்கு இராது என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "அந்தக் காகிதத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை பிரித்துப் பார்ப்பார். அப்புறம் அதில் உள்ள ஒரு வார்த்தையில் சந்தேகம் வரும்." அது உண்மை என்று எனக்கும் தெரிந்தது. ஆயினும் உள்ளம் ஒப்பவில்லை.

கிதாபுகளைப் புரட்டினேன். நோன்பு வைத்திருப்பவர் மனைவியை அணைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். அதையே கேட்ட இன்னொருவருக்குத் தடை விதித்தார்கள். அனுமதி பெற்றவர் முதியவர், தடை பெற்றவர் வாலிபர் என்று அபூதாவூதில் வருகிறது. கொலைகாரனுக்குத் தவ்பா உண்டா என்று கேட்டவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இல்லை என்று சொன்னதாகவும், வந்தவர் யாரையோ கொல்லும் எண்ணத்தோடு கோபத்தில் இருப்பதைக் கண்டே அவ்வாறு சொன்னதாகத் தோழர்களிடம் விளக்கியதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. ஆக, கேள்வி ஒன்றாயினும் கேட்பவர் வேறாயின் பதிலும் வேறாகலாம். மறைப்பது என்றால் ஒருவர் அறியாதிருப்பதை அறியாமலேயே வைத்திருப்பது. இந்தத் தம்பியிடம் நான் மறைப்பதற்கு ஒன்றுமே இல்லை. அவர் பெற வேண்டிய இல்மை எப்போதோ பெற்றுவிட்டார். அவர் என்னிடம் வாங்க வந்தது இல்மு அல்ல, நிம்மதி. அதை அல்லாஹ்விடமிருந்தல்லாமல் என் வாயிலிருந்து, அதுவும் மணிக்கொரு முறை, வாங்கும் பழக்கத்தை நான்தான் ஏற்படுத்தியிருந்தேன்.

ஆனாலும் இதில் ஓர் அபாயம் உண்டு. 'உனக்குப் பதில் கிடையாது, அது உன் நன்மைக்கே' என்ற சொல் எந்த ஆலிமுடைய கையிலும் எந்த மருத்துவருடைய கையிலும் ஒரு சாட்டையாக மாறலாம். நியாயமான கேள்வியோடு வரும் ஏழையையும், கணவன் மீது முறையீட்டோடு வரும் பெண்ணையும் அதே சொல்லால் விரட்டிவிடலாம். நான் கேள்விப்படாததா? அந்த மருத்துவர் இதற்குச் செய்தது எனக்குப் பிடித்தது. எங்களிடம் சொல்லுமுன் வாலிபரிடமே அனுமதி கேட்டார். மனம் சற்று அமைதியாக இருந்த நேரம் பார்த்து, "சந்தேகம் வந்து நீங்கள் கெஞ்சும்போது இவர்கள் பதில் சொல்லாமல் இருக்கலாமா? இப்போது நீங்களே சொல்லுங்கள்" என்றார். தம்பி வெகுநேரம் யோசித்து, "சொல்ல வேண்டாம்" என்றார். அந்த வாக்கைத்தான் நாங்கள் காத்தோம். அவர் சம்மதிக்காதிருந்தால் நான் வாய் மூடியிருக்க முடியாது.

மனைவியிடமும் தனியே பேச வேண்டும் என்றார் மருத்துவர். மாமியாருக்கு விருப்பமில்லை. வீட்டு விஷயத்தை அந்நியரிடம் சொல்வது புறம் பேசுவதாகாதா என்று என்னிடம் கேட்டார். ஹிந்த் (ரலி) அவர்கள் தம் கணவர் அபூ ஸுப்யான் (ரலி) அவர்களின் கைக்கட்டைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். பரிகாரம் தேடிச் சொல்வது புறமாகாது என்று இதைக் கொண்டு இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள் என்றேன். கதவு திறந்திருக்க, நர்ஸ் ஒருவர் சற்றுத் தள்ளி அமர்ந்திருக்க, அந்தப் பெண் பேசினார். இந்த வீட்டில் இருக்க விரும்புகிறீர்களா என்று மருத்துவர் கேட்டாராம். கலியாணமான நாள் முதல் யாரும், நானும்கூட, அவரிடம் கேட்டிராத கேள்வி. பரீரா (ரலி) அவர்கள் தம் கணவர் முகீஸை விட்டுப் பிரிந்தபோது, அவர் மதீனாவின் தெருக்களில் தாடி நனைய அழுதுகொண்டு பின்னால் சென்றார். சேர்ந்து வாழக்கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்களே கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவ, பரிந்துரை மட்டுமே என்றார்கள். பரீரா மறுத்துவிட்டார்கள்; நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குடும்ப விவகாரம் பேச அமரும் நம் ஜமாஅத் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஹதீஸ் நினைவிருக்கிறது?

அந்தப் பெண் இருப்பதாகவே சொன்னார். ஆனால் சாட்சி சொல்லும் வேலையை இனிச் செய்யமாட்டேன் என்றும் சொன்னார்.

முதல் பத்து நாள் கொடுமையானவை. மஃரிபுக்குப் பின் அந்தத் தூணோரம் தம்பி வந்து நிற்பார். "ஹஜ்ரத், ஒரே ஒரு தடவை" என்பார். "தம்பி, நீங்க சொன்ன வாக்கைத்தான் காப்பாத்துதேன்" என்பேன். ஒரு நாள், "நாளைக்கு மஹ்ஷரில் உங்களைப் பிடிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நான் தஹஜ்ஜுதில் அழுதேன். மருத்துவருக்குப் போன் செய்து, விட்டுவிடலாமா என்று கேட்டேன். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். வீட்டில் உம்மா ஒரு தடவை இரக்கப்பட்டு இன்னொரு செம்பு கொடுத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஆறேழு மாதமாயிற்று. முழுக்க நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். பரீட்சையோ பணக் கஷ்டமோ வரும்போது தலைகாட்டுகிறது. மாத்திரை தொடர்கிறது. ஆனால் சுபுஹு ஜமாஅத்தில் இரண்டாம் ஸஃப்பில் நிற்கிறார், விரலிடுக்குகளில் காயமில்லை. இதுபோன்ற துன்பம் உள்ள வீட்டார் ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காசில்லாமலேயே போகலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போன ரமளானுக்கு முன், அந்தப் பெண் தம் மாமியாரோடு என் வீட்டுக்கு வந்து, என் மனைவி மூலமாக ஒரு மஸ்அலா கேட்டனுப்பினார். நிகாஹை இரண்டு தடவை புதுப்பித்தார்களே, அப்படியானால் தனக்கு மூன்று மஹர் வர வேண்டுமா என்று. உள்ளே பெண்கள் சிரிக்கும் சப்தம் கேட்டது. முதல் நிகாஹ் ஒருபோதும் முறியவில்லை, பேணுதலுக்காகச் செய்த புதுப்பித்தலுக்குத் தனி மஹர் கடமையில்லை, முதல் மஹரில் பாக்கி இருந்தால் அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல் என்று உடனே பதில் சொல்லி அனுப்பினேன்.